கருமத்தம்பட்டி கண்ட விசுவாசம்

விசுவாசம் என்பது அச்சமே இல்லாத நிலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறாயின் கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் பட்ட வேதனையை என்னவென்பது? அச்சம் நெஞ்சை அழுத்தும்போதும், நாளை நேர்வது தெரியாதபோதும், முழந்தாளிட்டு இறைவனைத் தொழுவதே விசுவாசம். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அவிநாசியிலிருந்து கோவை செல்லும் சாலையில், தறிகள் நிறைந்த சோமனூருக்கு அருகே அமைந்த கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயத்தின் வரலாறே போதும்.

17ஆம் நூற்றாண்டில் சேசுசபைக் குருக்கள் இப்பகுதியில் விசுவாச வித்தை ஊன்றினர். 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்துவிட்டார். அதே காலத்தில் மைசூர் ஆட்சியாளருக்கும் ஆங்கிலேயருக்கும் மூண்ட போர்களில் கொங்கு நாடு படைகள் நடமாடும் களமாயிற்று. 1791இல் கோயம்புத்தூர்க் கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1799இல்தான் அமைதி திரும்பியது. குருக்களைக் காண்பதே அரிதாயிருந்த அந்நாட்களில், பெற்றோர் கற்பித்த செபங்களும் உபதேசியார்களின் உழைப்புமே விசுவாசத் தீபத்தை அணையாமல் காத்தன.

அந்த எளிய மக்கள் நடுவே, 1846 அக்டோபர் 4ஆம் நாள், அம்மாதத்தின் முதல் ஞாயிறன்று, பிரான்சு நாட்டவரான மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அவருக்கு வயது 32. 1850இல் கோவையின் முதல் அப்போஸ்தலிக்க விகாரியானார். இந்நாட்டு மைந்தரே குருக்களாகித் தம் மக்களை வழிநடத்த வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம்.

ஆயினும் அவருடைய உள்ளத்தில் ஓயாத போராட்டம் ஒன்று இருந்தது. சாதி வழக்கங்களையும் உள்நாட்டுச் சடங்குகளையும் கிறிஸ்தவர்களிடையே எந்த அளவுக்கு அனுமதிக்கலாம் என்ற கேள்வியே அது. உரோமையிடம் தெளிவு வேண்டினார், மனம் அமைதியடையவில்லை. மனச்சான்றுக்கு மாறாக நடக்க விரும்பாமல் பொறுப்பைத் துறந்தார். 1855இல் அது ஏற்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பை விட்டு, அடுத்தது என்னவென்று அறியாமல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார்.

இறைவன் அவருக்கு வேறு வழி காட்டினார். 1856 டிசம்பர் 8ஆம் நாள் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையை நிறுவினார். 1859 மே 14ஆம் நாள் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்தை அடைந்தார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. அதை அறிந்தும் கரையிறங்கினார். உடன் உழைத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிந்தனர். ஆறே வாரங்களில், ஜூன் 25ஆம் நாள், அவரும் 45ஆம் வயதில் உயிர் நீத்தார்.

உலகின் கண்ணுக்கு இது தோல்வியே. ஆனால் கோதுமை மணி மண்ணில் விழுந்துவிட்டது. லியோனிலிருந்த அருட்தந்தை அகுஸ்தீன் பிளாங்க் சபையைத் தாங்கி வளர்த்தார். அது இன்றும் ஆப்பிரிக்காவில் உழைக்கிறது. அவர் விட்டுச் சென்ற கோவையும் 1886இல் மறைமாவட்டமாக உயர்ந்தது. இரண்டையும் அவர் கண்ணால் காணவில்லை.

அன்பார்ந்த பங்கு மக்களே! நமது திருப்பூரும் அச்சத்தை அறியாத ஊரல்ல. 2011 ஜனவரியில் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020 மார்ச்சில் ஊரடங்கால் பனியன் கம்பெனிகள் ஓய்ந்தன. ஆலயக் கதவுகளும் அடைபட்டன. கூலியின்றி, திருப்பலியின்றி, வீட்டுக்குள் செபமாலை சொன்ன நாட்களை யார் மறப்பார்? கொள்ளைநோயில் உயிர்நீத்த இந்த ஆயரை, உலகமே கொள்ளைநோயால் கலங்கி நின்ற அதே 2020 மே மாதத்தில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

ஆர்டர் வருமா, அடுத்த வாரம் வேலை இருக்குமா என்ற கவலையோடுதான் நம்மில் பலர் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறோம். அக்கவலையை வாசலில் விட்டுவர வேண்டியதில்லை. அதையும் பீடத்தில் காணிக்கையாக வைப்போம். நம் முன்னோர் செய்தது அதுவே. நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் சொத்தும் அதுவாகவே இருக்கட்டும்.