இரவைப் பகலாக்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கு



சுவிட்சைத் தட்டியதும் ஒளி பாயும் காலத்தில் வாழும் நமக்கு, விளக்கேற்றுவதே ஒரு தனி வேலையாக இருந்த காலம் மறந்துவருகிறது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபின் தமிழகத்தில் மின்சாரம் படிப்படியாகப் பரவியது. ஆயினும் சிற்றூர்களையும் மலையூர்களையும் அது எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்த இடைக்காலத்தில் திருமண ஊர்வலம், இரவுப் பொதுக்கூட்டம், ரமலான் இரவுத் தொழுகை என மக்கள் கூடிய இடங்களுக்கெல்லாம் வெளிச்சம் தந்தது பெட்ரோமாக்ஸ் விளக்கு. 'காஸ் லைட்' என்றும் அதனை நம் பெரியவர்கள் அழைத்தனர்.

பெர்லினும் மணவாளக்குறிச்சியும்

ஜெர்மனியின் பெர்லின் நகரில் இயங்கிய எஹ்ரிச் அண்டு கிரேட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மாக்ஸ் கிரேட்ஸ் 1910ஆம் ஆண்டில் இவ்விளக்கை உருவாக்கினார். பெட்ரோலியம் என்ற சொல்லும் மாக்ஸ் என்ற அவரது பெயரும் இணைந்ததே பெட்ரோமாக்ஸ். காலப்போக்கில் எந்த நிறுவனம் செய்த அழுத்த விளக்காயினும் நம் நாட்டில் இப்பெயரே நிலைத்துவிட்டது.

இவ்விளக்கில் திரி இல்லை. பம்ப் அடிக்கும்போது தொட்டிக்குள் காற்றழுத்தம் கூடி, மண்ணெண்ணெயை மேலே தள்ளுகிறது. முன்கூட்டியே சூடேற்றப்பட்ட குழாயில் எண்ணெய் ஆவியாகி, சிறு துளை வழியே பாய்ந்து, காற்றோடு கலந்து எரிகிறது. அந்தச் சூட்டில் வெண்ணிறமாக ஒளிர்வது மேண்டில் என்னும் வலைப்பை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் மேண்டிலுக்கு 1885ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்ட கலவையை 1891இல் அவர் கண்டபின், அதுவே உலகெங்கும் வழக்கமாயிற்று.

இந்தத் தோரியத்திற்கும் தமிழ் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. தோரியம் தரும் மோனசைட் மணல், அக்காலத்தில் பெரிதும் பிரேசில் நாட்டிலிருந்தே ஐரோப்பாவுக்குச் சென்றது. நம் தென்கோடியிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் கண்டறிந்தார். அதன்பின், அன்று திருவிதாங்கூரில் இருந்ததும் 1956 முதல் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. நம் கடற்கரை மணல் கப்பலேறி, அந்நிய நாட்டு மேண்டிலுக்குள் ஒளியாக மாறிய வரலாறு இதுவாகும்.

சிறுமலையிலிருந்து வந்த விளக்கு

மலைவாழைக்குப் பெயர்பெற்ற சிறுமலையில் ஒரு தோட்ட வீட்டின் பரணில் கிடந்த பழைய விளக்கொன்று, பழம்பொருள் சேகரிக்கும் நண்பர்கள் இருவரின் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது. பித்தளைத் தொட்டி கறுத்திருந்தது. பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. ஆவிக்குழாய் கரியால் அடைபட்டிருந்தது.

முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இறுகிய மரைகளை வலிந்து திருகாமல் மெல்லக் கழற்றினோம். தோல் வாஷர் எண்ணெயில் ஊறியதும் மீண்டும் மென்மையாகிக் காற்றைப் பிடித்தது. மரை தேய்ந்த ஒரு சிறு திருகாணியைப் பூட்டுத் தொழிலாளர் ஒருவர் புதிதாகக் கடைந்து தந்தார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் கைத்திறன் விளக்குக்கும் உதவியது. காற்றேற்றிய தொட்டியை நீரில் அமிழ்த்திப் பார்த்தோம், குமிழி எழவில்லை. குமிழி எழுந்திருந்தால் அதனை ஏற்றாமல் விட்டிருப்போம். ஒழுகும் தொட்டி உயிருக்கே ஆபத்தானது.

கறுப்பை நீக்கப் புளியை மட்டுமே பயன்படுத்தினோம். உப்புத்தாளோ மெருகு எந்திரமோ வேண்டாம் என்று முடிவு செய்ததன் பயன் அப்போதுதான் தெரிந்தது. தொட்டியின் அடிப்பகுதியில், பாத்திரங்களில் பெயர் வெட்டுவது போலப் புள்ளி புள்ளியாக எழுத்துகள் வெளிப்பட்டன. 'பள்ளிவாசலுக்கு' என்ற சொல் மட்டும் தெளிவாக இருந்தது. கொடுத்தவர் பெயரும் ஊரும், முன்பு யாரோ பளபளப்புக்காகத் தேய்த்ததில் அழிந்துவிட்டிருந்தன.

புதிய மேண்டிலைக் கட்டி, ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, பம்ப் அடித்தோம். மேண்டிலின் துணி எரிந்து சாம்பல் வலையாகி, சீறலுடன் வெள்ளொளி எழுந்தது. விரல் பட்டாலே உடையும் அந்தச் சாம்பல் வலைதான் ஊரைக் கூட்டி வைத்த வெளிச்சம்.

எடைக்குப் போகலாமா?

இவ்விளக்குகளை வாடகைக்கு விட்டவர்கள், ஏற்றத் தெரிந்தவர்கள், தலையில் சுமந்து ஊர்வலத்தோடு நடந்த ஏழைத் தொழிலாளர்கள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் பதிவாகவில்லை. எஞ்சியிருப்பவை விளக்குகளும் அவற்றின்மேல் வெட்டப்பட்ட எழுத்துகளுமே. பித்தளை விலைக்கு அவற்றை எடைபோட்டு விற்கும்போது, அந்த எழுத்துகளும் உலைக்குப் போகின்றன. பள்ளிவாசலுக்கென்று ஒருவர் மனமுவந்து கொடுத்த பொருள், கொடுத்தவரின் பெயரே தெரியாமல் கைமாறுவது நமக்கு அழகன்று. சிறுமலை விளக்கை நாம் சொந்தப் பொருளாகக் கருதவில்லை. உரிய ஊரார் அடையாளம் காட்டினால் ஒப்படைக்கவே காத்திருக்கிறோம்.

ஆகவே, வீட்டுப் பரணிலோ பள்ளிவாசல் சாமான் அறையிலோ இத்தகைய விளக்கு இருப்பின், தேய்க்குமுன் எழுத்துகளைப் படித்து எழுதி வையுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றிப் பார்க்க விரும்புவோர் பெட்ரோலை ஒருபோதும் ஊற்ற வேண்டாம்; மூடிய அறையிலும் ஏற்ற வேண்டாம். தோரியம் கதிரியக்கம் உடையதாதலால் பழைய மேண்டிலின் தூளைச் சுவாசிக்காமல், தொட்டபின் கையைக் கழுவுங்கள். இன்று வரும் மேண்டில்கள் பலவற்றில் இட்ரியம் சேர்க்கப்படுகிறது.

இவ்விளக்குகளை ஏற்றிப் பழகிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் சொல்வதையும் கேட்டு எழுதினால், நம் ஜமாஅத்தின் சொத்துப் பதிவேட்டில் விளக்குகளுக்கென ஒரு பக்கம் தொடங்கலாம்.