சிறார் நீதி: திண்டுக்கல்

18 வயது நிரம்பாதவர் குற்றச்சாட்டில் சிக்கினால் சிறைக்கு அனுப்பாமல் விசாரிக்கும் முறை. இந்தியாவின் முதல் சிறார் சட்டம் 1920-இல் சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதி.

இன்று நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பிடிபடும் சிறுவனை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. கைவிலங்கு பூட்டவும் விதிகள் இடம் தரவில்லை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அவ்விருவரில் ஒருவராவது பெண். ஜாமீன் தருவதே பொது விதி.

ஏட்டில் இவ்வளவு பாதுகாப்பு இருந்தும், 2022 டிசம்பர் இறுதியில் கொடுமை நிகழ்ந்தது. பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன், செங்கல்பட்டு அரசு சிறார் இல்லத்தில் தாக்கப்பட்டு இறந்தான். ஊழியர்கள் ஆறு பேர் கைதாயினர்.

பின்னர் இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது.