அச்சுக்கோப்பு ஆவணங்களில் படம் விலகுதலும் வெட்டுப்படுதலும்

கணினி அச்சுக்கோப்பு நிரலில் உருவாக்கிய ஆவணத்தைப் பி.டி.எஃப். கோப்பாக மாற்றும்போது, படம் தன் இடத்தை விட்டு விலகுவதும் ஓரம் வெட்டுப்படுவதும் நெடுநாளாக அறியப்பட்ட சிக்கலாகும். வரைபடம் ஒன்றின் ஓரம் வெட்டுப்பட்டால் அங்குள்ள அளவெண்களும் அலகும் மறைந்துவிடும். படிப்பவர் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள நேரும். இப்பிழை பெரும்பாலும் படத்தில் இருப்பதில்லை. படத்தைச் சுற்றியுள்ள பெட்டியின் அளவில் இருக்கிறது. டெக் நிரலின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

படம் அறியாத நிரல்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனுத், 1977-இல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தரம் நிறைவளிக்காததால் டெக் நிரலை உருவாக்க முற்பட்டார். டெக்கைப் பொறுத்தவரை ஒவ்வோர் எழுத்தும் அகலம், உயரம், ஆழம் கொண்ட ஒரு பெட்டி. பெட்டிகளை அடுக்கி வரியையும், வரிகளை அடுக்கிப் பக்கத்தையும் அது அமைக்கிறது. படத்துக்கு வெற்றிடம் மட்டும் விட்டு, எந்தக் கோப்பைச் சேர்க்க வேண்டும் என்பதை 'ஸ்பெஷல்' கட்டளை வழியாக டி.வி.ஐ. என்னும் இடைநிலைக் கோப்பில் குறித்துவைக்கும். படத்தை அவ்விடத்தில் பொருத்துவது வேறொரு நிரலின் வேலை. எனவே இரண்டு நிரல்களின் அளவுகளும் ஒத்துப்போவது கட்டாயமாயிற்று.

எல்லைப்பெட்டி

ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி ஆகியோர் 1982-இல் தொடங்கிய அடோபி நிறுவனம், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழியை உருவாக்கியது. அதன் இ.பி.எஸ். வகைப் படக்கோப்பில் எல்லைப்பெட்டி என்ற வரி உண்டு. படத்தின் இடக்கீழ் மூலையையும் வலமேல் மூலையையும் அதிலுள்ள நான்கு எண்கள் குறிக்கும். டோமஸ் ரோகிக்கி எழுதிய டிவிப்ஸ் நிரல் டி.வி.ஐ. கோப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றியது.

அந்த நான்கு எண்களில் பிழை இருந்தால் படம் விலகும். பெட்டி சிறிதானால் படம் எழுத்துகளின் மேல் ஏறும், அல்லது வெட்டுப்படும். பெரிதானால் வீண் வெற்றிடம் தோன்றும்.

அலகிலும் வேறுபாடு உண்டு. டெக்கில் ஓர் அங்குலம் 72.27 புள்ளிகள், போஸ்ட்ஸ்கிரிப்டில் 72. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் 10 அங்குலத்தில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பிசகும்.

தாளின் அளவும் காரணமாகலாம். ஏ4 தாள் 595 × 842 புள்ளிகள்; அமெரிக்க லெட்டர் தாள் 612 × 792. டெக் மேலிருந்து அளக்கிறது, போஸ்ட்ஸ்கிரிப்ட் கீழிருந்து அளக்கிறது. தாளைத் தவறாகக் குறித்தால் பக்கம் முழுவதும் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும்.

பி.டி.எஃப். காலம்

அடோபி 1993-இல் பி.டி.எஃப். வடிவத்தை வெளியிட்டது. இ.பி.எஸ். படத்தைச் சாதாரணத் தாளாகக் கருதி மாற்றினால், தாளின் எல்லைக்கு வெளியே உள்ள பகுதி வெட்டுப்படும். இதற்குத் தீர்வாக வந்த இபிஎஸ்-டு-பிடிஎஃப் என்னும் சிறுநிரல், எல்லைப்பெட்டியின் இடக்கீழ் மூலையைத் தொடக்கப்புள்ளிக்கு நகர்த்தி, தாளின் அளவையும் பெட்டிக்குச் சமமாக்குகிறது.

செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் ஹான் தே தான் உருவாக்கிய பிடிஎஃப்-டெக், டி.வி.ஐ. இல்லாமல் நேரடியாகப் பி.டி.எஃப். ஆக்கியது. படத்தின் அளவை அந்நிரலே படித்துக்கொண்டதால் பழைய பிழைகள் பல குறைந்தன. ஆயினும் இ.பி.எஸ். படங்களை முன்னதாகவே மாற்றித் தர வேண்டியிருந்தது.

திருத்தும் முறை

முதலில் எல்லைப்பெட்டியைச் சரிபார்க்க வேண்டும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலின் பிபாக்ஸ் வசதி, படத்தில் மை படும் பகுதியை அளந்து சரியான நான்கு எண்களைத் தரும். அடுத்து, எல்லா நிரல்களிலும் ஒரே தாள் அளவு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

லேடெக் ஆவணத்தில் படம் அடுத்த பக்கத்துக்குச் செல்வது வேறு வகை. அங்கு அது மிதக்கும் பொருளாகக் கருதப்பட்டு, இடமுள்ள பக்கத்தில் வைக்கப்படுகிறது; அது பிழையன்று.

படத்தைக் கையால் நகர்த்தி ஒட்டவைப்பது அந்தப் பக்கத்துக்கு மட்டுமே உதவும். தாளோ அளவோ மாறினால் பிழை மீண்டும் தலைகாட்டும். பெட்டியின் எண்களைத் திருத்தினால், அப்படம் எந்த ஆவணத்தில் சேர்க்கப்பட்டாலும் முழுமையாக வரும்.