கூறுபடாத குழம்பு

கல்லங்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆட்டுக்கறி வீட்டுக்கு வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அரியலூர்க் கடைத்தெருவில் எடைக்கு வாங்குவது. மற்றது, தீபாவளிக்கோ மாட்டுப்பொங்கலுக்கோ பத்துப் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டைப் பிடித்து, அறுத்துக் கூறு போட்டு எடுத்துக்கொள்வது. இந்த இரண்டாவது வழியில் ஒரு சிறிய அரசியல் சாசனமே அடங்கியிருக்கிறது. தரையில் இலைகளை விரித்து, ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு பிடி, நெஞ்செலும்பு, தொடை, கொழுப்பு என எல்லாமும் எல்லாக் கூற்றிலும் விழுந்தாக வேண்டும். ஒரு கூற்றில் எலும்பு கூடினால் அங்கேயே பஞ்சாயத்துத் தொடங்கிவிடும்.

காவல் தெய்வத்துக்கு வெட்டும் கிடாவின் கணக்கு வேறு. அங்கே சமம் கிடையாது, முறைதான். தலை யாருக்கு, தொடை யாருக்கு, தோல் யாருக்கு என்பது ஊருக்கு ஊர் மாறலாம். ஆனால் பூசாரிக்கும் ஊர்ப் பெரியவருக்கும் தொழில்செய்வோருக்கும் இன்ன உறுப்பு என்று வகுத்து வைத்திருப்பார்கள். ஆட்டின் உடம்பின் மீது ஊரின் வரிசை எழுதப்பட்டிருக்கும் என்றே சொல்லலாம்.

சமமாகப் பிரித்தாலும் வரிசைப்படி பிரித்தாலும், பிரிப்பதற்குக் கறி கெட்டியாக இருக்க வேண்டும். எலும்போடும் சவ்வோடும் மணிக்கணக்கில் வெந்து சாறாகிவிட்டதை யாரும் கூறு போட இயலாது. அகப்பையால் முகந்து ஊற்றத்தான் முடியும். தமிழர் உணவு வரலாற்றில் இப்படி ஊற்றப்படும் கறிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

கல்லங்குறிச்சியை இதற்கு முன்னிறுத்துவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அவ்வூர் கலியுக வரதராசப் பெருமாளின் ஊர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் புலால் நாடாத கூட்டம் திரளும் ஊர். (அவ்வூரின் பெயரால் வழங்கும் சுண்ணாம்புக்கல் அடுக்கு ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடற்சிப்பிகளால் நிறைந்தது என்பது நிலவியலார் அறிந்த செய்தி. சைவ உணவு உண்போர் கூடும் திடல் ஒரு சிப்பிக் குவியலின் மேல் நிற்கிறது!) அங்கே மூலவர் உருவச்சிலை அல்லர், ஒரு கம்பம். காணாமற்போன பசுவொன்று தானே பால் சொரிந்து நின்ற இடத்தில் அக்கம்பம் கண்டெடுக்கப்பட்டது என்பது தலபுராணம். விளைந்த தானியத்தையும் கால்நடைகளையும் மக்கள் இன்றும் நேர்ந்து விடுகிறார்கள். மாடே செல்வம், மாடே தெய்வத்தைக் காட்டிக்கொடுத்த உயிர் என்ற நினைவு இம்மண்ணில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஆகவே, மாட்டின் கறி வெந்த பானையைப் பற்றி இம்மண்ணில் பேசுவது எளிதன்று. ஆனால் சங்கப் பாடல்கள் அதைப் பேசியிருக்கின்றன.

அகநானூற்றின் 309ஆம் பாடல் கருவூர்க் கந்தப்பிள்ளைச் சாத்தனார் பாடியது. பாலை நில மறவர் பிறருடைய ஆநிரையைக் கவர்ந்து வருகிறார்கள். தெய்வம் உறையும் பருத்த வேம்பின் அடியில் கொழுத்த பசுவைப் பலியிட்டுக் குருதி தூவுகிறார்கள். பிறகு அகன்ற பாறையின் மேல் அதன் புழுக்கை உண்கிறார்கள். இங்கே வரும் ‘புழுக்கு’ என்ற சொல்லை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். புழுங்கல் அரிசி, புழுக்கம் என்பவற்றின் உறவுச் சொல் அது. நெருப்பில் நேரே வாட்டுவது சூடு. எண்ணெயில் வதக்குவது வறை. மூடிய கலத்துக்குள் தன் ஆவியிலேயே தான் வேகும்படி விடுவது புழுக்கு. எலும்பும் தசைநாரும் மிகுந்த மாட்டுக்கறிக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. சவ்வும் மூட்டுப் பசையும் 70 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநேரம் இருந்தால்தான் இளகிக் கூழாகும். அவசரப்பட்டுக் கொதிக்க வைத்தால் தசை இறுகிப்போகும். இந்த அறிவு ஒரே சொல்லில் பொதிந்திருக்கிறது.

இப்பாடலை வகுப்பில் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு மௌனம் விழுகிறது. மாணவர்களின் கையிலிருக்கும் வழிகாட்டி நூலொன்றில் ‘புழுக்கு’ என்பதற்கு ‘உணவு’ என்று மட்டும் பொருள் எழுதியிருந்தது. பசு பலியானது முந்தைய வரியிலேயே இருக்க, அடுத்த வரியில் ‘உணவு’ என்று பொதுவாக எழுதிவிட்டு நகர்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். “அது என்ன உணவு ஐயா?” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார். அவருக்கு விடை தெரியும். வகுப்பில் ஒருவராவது அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. சொன்னேன்.

சங்கப் பாடல்களில் ஊன் உண்ணும் காட்சிகள் பலவும் கொடைக் காட்சிகளே என்பது அறிந்ததுதான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் அறுகம்புல் தின்று கொழுத்த செம்மறியின் தொடைக்கறியை வேகவைத்துத் தந்து ‘உண், உண்’ என்று வற்புறுத்துகிறான். இரவும் பகலும் மென்று மென்று, கொல்லை உழுத கொழுவைப் போலப் பற்கள் தேய்ந்துவிட்டன என்கிறான் பொருநன். செல்வக்கடுங்கோ வாழியாதன் தன் கையைப் பற்றி, அது ஏன் மென்மையாக இருக்கிறது என்று வியந்தபோது, ஊன் சோறு உண்டு வருந்துவது தவிர வேறு தொழில் அறியாத கை என்று கபிலர் விடை சொன்னது புறநானூற்றின் 14ஆம் பாடல். கபிலர் அந்தணர் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். இவை எல்லாம் புரவலன் கொடுப்பது, இரவலன் பெறுவது என்ற உறவுக்குள் நிற்பவை. நல்ல கறி, தொடைக்கறி, விருந்தினனுக்கு. இதுவும் ஒருவகையில் கூறுதான்.

இதிலிருந்து விலகி நிற்கிறது பதிற்றுப்பத்தின் 45ஆம் பாட்டு. கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவன்மேல் பரணர் பாடியது. பாட்டின் பெயரே ‘ஊன்துவை அடிசில்’. பாசறையில் சமைக்கப்படும் ஊன்சோற்றைப் பற்றிய தொடர் அதில் வருகிறது. சோறு வேறு, ஊன் வேறு என்று பிரித்தறிய முடியாதபடி குழைந்த அடிசில் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் பழைய உரைகாரர் வேறொன்று சொல்கிறார். அரசனுக்குச் சமைத்த சோற்றிலிருந்து இது வேறானது என்று சொல்லப்படாத அடிசில் என்பது அவர் கொள்ளும் பொருள். அதாவது, மன்னனுக்கும் மறவனுக்கும் பானை ஒன்றே. முதற்பொருள் சமையலைப் பற்றியது, இரண்டாவது பொருள் சமூகத்தைப் பற்றியது என்று பிரித்துப் பேசுவது நம் வழக்கம். எனக்கோ இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. ஊன் குழைந்து சோற்றோடு கலந்துவிட்டால் மன்னனுக்கென்று நல்ல துண்டைப் பொறுக்கி எடுப்பது எப்படி? குழைவுதான் சமத்தை உண்டாக்குகிறது.

போருக்கு முன் படையினர்க்குப் பெருஞ்சோறு அளிப்பதை வஞ்சித்திணையின் ஒரு துறையாகவே தொல்காப்பியம் வகுத்துள்ளது. பாரதப் போரில் இருபடைக்கும் பெருஞ்சோறு அளித்தவன் என்று உதியஞ்சேரலாதனைப் புகழ்கிறது புறநானூற்றின் 2ஆம் பாடல். நாளை சாகப்போகிறவர்கள் இன்று ஒரே பானையில் உண்ணும் இந்தச் சமத்துவத்தை நான் மிகையாகப் போற்ற மாட்டேன். அது பாசறையின் சமத்துவம்; ஊருக்குத் திரும்பினால் கலைந்துவிடக்கூடியது. ஆனாலும் அது இருந்தது என்பதற்குப் பாட்டும் உரையும் சான்று.

பிறகு பானை மாறியது. திருக்குறள் புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரமே வகுத்தது. பல்லவர், சோழர் காலக் கோயில்களில் திருவமுதுக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, பருப்பும் தயிரும் எவ்வளவு என்று நாழி, உழக்கு, ஆழாக்குக் கணக்கில் கல்லில் வெட்டினார்கள். அந்தத் துல்லியத்துக்காக வரலாற்றாசிரியர் நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைச் சொல்லும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. கோயில் அடுக்களையில் உழக்கு நெய்க்குக்கூடக் கணக்கு உண்டு. தீண்டாச்சேரியின் பானையில் என்ன வெந்தது என்பதற்குக் கல் சாட்சி சொல்லவில்லை.

என்ன வெந்திருக்கும் என்பதைப் பிற்கால வழக்கத்திலிருந்து ஓரளவு உணரலாம். ஊரில் இறந்த மாட்டை அப்புறப்படுத்துவது ஒரு சாதியின் கடமையாக்கப்பட்டிருந்தது. அம்மாட்டின் கறியே அவர்களுக்கு உணவாகவும், அந்த உணவே அவர்களைத் தள்ளிவைப்பதற்குக் காரணமாகவும் ஆக்கப்பட்டது. 1948இல் வெளிவந்த ‘தீண்டப்படாதார் யார்?’ என்னும் நூலில் அம்பேத்கர் மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை விரிவாக வாதிட்டார். அவர் முடிவுகளோடு எல்லா ஆய்வாளரும் உடன்படவில்லை. எனினும், ஒரு பானையின் உள்ளிருப்பதை வைத்து அதைச் சுற்றி அமர்வோரை வரையறுத்தார்கள் என்பதை மறுப்பது கடினம். பாலை மறவரின் புழுக்குக்குப் பாட்டு கிடைத்தது. சேரியின் புழுக்குக்கு வசை கிடைத்தது. சமையல் முறை ஒன்றுதான்.

பொதுவில் சமைப்பது நமக்கு என்றும் பழக்கமே. ஆனால் நம் வழக்கத்தில் பானை ஒன்று, இலை பல. பானைக்கும் இலைக்கும் இடையில் பந்தி என்று ஒன்று இருக்கிறது. சாதி வந்து உட்கார்ந்துகொள்வது அந்த இடத்தில்தான். வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்தவர் யார் என்று அங்கே கேட்பதில்லை. (அது புலாலை மறுத்த அடுப்பு என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.) அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவர் தனியே அமர்ந்து உண்ண இசைவு தரப்பட்டதால் 1924-25இல் தமிழகக் காங்கிரசே இரண்டுபட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் ஒருபுறம் நின்றார்கள். காந்தி வரை வழக்கு போயிற்று. தேசிய இயக்கத்தின் திசையையே ஓரளவு மாற்றிய சண்டை அது. தொடங்கிய இடம் ஒரு சாப்பாட்டுக் கூடம்.

இலையையும் ஒன்றாக்கிய தமிழர் உண்டா? காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களிடம் ‘சஹன்’ என்னும் பெரிய வட்டத் தட்டு இருக்கிறது. திருமண விருந்தில் நெய்ச்சோறும் களரிக் கறியும் அதில் வைக்கப்பட, இருவர் மூவராகச் சூழ அமர்ந்து ஒரே தட்டில் கையிட்டு உண்பார்கள். ‘எச்சில்’ என்ற சொல்லுக்கு இத்தனை அஞ்சும் ஒரு மொழிச் சமூகத்தில் இது சாதாரணச் செயலன்று. நோன்புக் காலத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் கஞ்சி இன்னொரு வகை: அரிசியும் பருப்பும் கறியும் ஒரே கலத்தில் குழைந்து, தூக்குவாளிகளில் பல சமயத்தார் வீடுகளுக்கும் போகிறது. 2001 முதல் தமிழக அரசு இதற்கு அரிசி வழங்கிவருகிறது.

யாழ்ப்பாணத்தார் ஒடியற்கூழைச் சொல்வார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பைப் போக்கி, மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒன்றாக வெந்த பானையில் புளியோடும் மிளகாயோடும் கரைப்பது. முற்றத்தில் பானையைச் சுற்றி உட்கார்ந்து பனையோலைப் பிளாவில் ஊதி ஊதிக் குடிப்பது. ஒருவர் தனக்கு மட்டும் ஒடியற்கூழ் காய்ச்சிக் குடித்ததாக நான் கேட்டதில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவர்க்குச் சீனர்களின் ‘ஸ்டீம்போட்’ பழக்கமாகிவிட்டது. மேசை நடுவே கொதிக்கும் சாற்றில் ஆளாளுக்குக் கறியும் கீரையும் இட்டு எடுத்து உண்பது. அதன் காரமான வடிவம் சோங்சிங் நகரத்தினுடையது. மாட்டின் குடலையும் இரைப்பையையும் மலிவாக வாங்கிய ஆற்றுத்துறைத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது என்பார்கள். அங்கே கொப்பரைக்குள் ஒன்பது கட்டங்கள் கொண்ட தடுப்பு ஒன்றை இறக்கியிருப்பார்கள். அறிமுகமற்றவர்கள் ஒரே கொப்பரையைச் சூழ்ந்து, அவரவர் கட்டத்தில் அவரவர் கறியை வேகவைக்கத் தோன்றிய ஏற்பாடு என்பது வழக்காறு. ஆக, கூறு போடும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. ஆனால் அந்தத் தடுப்புக்குச் சாற்றைத் தடுக்கத் தெரியாது.

நம் தடுப்புகள் சற்று வலியவை. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஒன்றை அறிவித்தது. தோல் தொழிலாலும் பிரியாணியாலும் பெயர் பெற்ற ஊர் அது. மாட்டுக்கறிப் பிரியாணி அங்கே அன்றாட உணவு. திருவிழாவிலோ அதற்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கான மாநில ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஒரு பானையை விலக்கிவிட்டு மற்றப் பானைகளுக்கு விழா எடுக்க முடியவில்லை என்பதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சியே.

மாட்டுவால் சமையலைப் பற்றி அந்தக் கடைசி வரிசை மாணவர் பிறிதொரு நாள் சொன்னார். அவர் வீட்டில் அது அப்பாயியின் பொறுப்பு. கணுக்கணுவாக வெட்டிக் கழுவிய வாலை நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சியோடு பிரட்டி, மிளகும் மல்லியும் அரைத்து ஊற்றி, மண்சட்டியை மூடி, கருவேலங்கட்டையின் தணலில் மாலையில் ஏற்றினால் இரவு வெகுநேரம் கழித்தே இறக்குவார்கள். குக்கரில் வைத்தால் கறி வெந்துவிடும், சாறு வராது என்பது அப்பாயியின் கட்சி. மறுநாள் அது ஆறி உறைந்து, மேலே கொழுப்பு ஆடை கட்டியிருக்கும். அதைச் சூடாக்கிப் பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு எல்லாருக்கும் சோற்றில் ஊற்றுவார்கள்.

“எத்தனை பேருக்கு எத்தனை துண்டு?” என்று கேட்டேன்.

“அது எப்படி ஐயா எண்ண முடியும்? ஒரு மாட்டுக்கு ஒரு வால்தானே” என்றார்.