மருந்துக் கிடங்கில் பிறந்த தொழில்: தமிழகத்தில் மருத்துவமனை நிர்வாகம் வளர்ந்த வரலாறு

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே சுவேத நதிக் கரையில் இருக்கிறது மரச்சிற்பத்துக்குப் பேர்போன தம்மம்பட்டி. இங்கே ஒருவருக்கு நோய் முற்றினால் முதலில் ஆத்தூர், பிறகு சேலம் என்பதே வழக்கமான பாதை. அந்தப் பாதையில் நேரத்துக்கு வண்டி வரவேண்டும், ஸ்டோரில் மருந்து இருக்கவேண்டும், வார்டில் கட்டில் கிடைக்கவேண்டும். இவற்றைக் கவனிப்பது எப்போது தனித் தொழிலானது? பட்டப்படிப்புகள் தொடங்கியபோது என்பது பொதுவான பதில். சான்றுகள் வேறு பக்கம் கைகாட்டுகின்றன.

சென்னை மாகாணத்தில் 1920களின் தொடக்கத்திலேயே பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் அமைந்தது. 1939இல் பொது சுகாதாரச் சட்டமும் வந்தது. நோய்த்தடுப்பை நிர்வகிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது. மருத்துவமனைக்குள் நிலைமை வேறு. மூத்த மருத்துவரே கண்காணிப்பாளர். அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்து மருந்து கேட்கும் இன்டென்ட் படிவத்தில் கையெழுத்திடுவார். நிர்வாகம் அவருக்குக் கூடுதல் சுமை, அவ்வளவே.

இந்த வழக்கத்தை மாற்றியதில் மதுரைக்குப் பங்குண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முகாம் நடத்துவதையும் கணக்கையும் ஆள் பயிற்சியையும் சிகிச்சைக்கு இணையான வேலைகளாக அவர் நடத்தினார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து பரிசோதனைப் பணிகளை ஒப்படைத்ததால் மருத்துவரின் நேரம் அறுவைக்கு மிச்சமானது. 1992இல் அமைந்த அரவிந்தின் பயிற்சி நிறுவனமான லைகோ இந்த முறையைப் பிற மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும் கற்பித்தது.

ஆனால் என் கணிப்பில் பெரிய திருப்பம் 1994தான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அந்த ஆண்டு உருவாயிற்று. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை உற்பத்தியாளர்களிடமிருந்தே டெண்டர் மூலம் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் சேர்ப்பது அதன் பணி. ஒவ்வொரு மருந்துத் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) எடுத்த மாதிரி, தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போகும், தேறினால்தான் விநியோகம். மருத்துவமனைகளுக்குப் பாஸ்புக் கொடுக்கப்பட்டது. ஆண்டு ஒதுக்கீட்டுத் தொகை அதில் வரவாக இருக்கும். வாங்கும் மருந்தின் மதிப்பு கழிந்துகொண்டே வரும். இதன் அருமையைச் சொல்லியாக வேண்டும். மேலிடம் அனுப்பியதை வாங்கிக்கொள்ளும் நிலை போய், தன் ஊருக்கு எது தேவை என்று திட்டமிடும் பொறுப்பு மலையடிவார மருத்துவமனைக்கும் வந்தது. இருப்பை எண்ணுவது, காலாவதித் தேதியைக் கவனிப்பது, மழைக்காலக் காய்ச்சலுக்கு முன்கூட்டியே கேட்பது எல்லாம் திறமை என்று மதிக்கப்பட்டன. பிறகு கேரளமும் ராஜஸ்தானும் இதையொட்டித் தங்கள் கழகங்களை அமைத்தன.

2008இல் 108 ஆம்புலன்ஸும் 2009இல் அரசின் உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. அழைப்பு மையம், காப்பீட்டு கவுண்டர், கோரிக்கைப் பரிசீலனை என்று, மருத்துவம் படிக்காதவர்களுக்கும் மருத்துவமனையைச் சார்ந்த வேலைகள் பெருகின. இன்றைய நிர்வாகப் பட்டங்களுக்கான தேவை இந்த வேலைகளின் தொடர்ச்சியே.

தம்மம்பட்டியிலிருந்து இத்துறைக்கு வர எண்ணும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் முன், அனுமதி பெற்று ஓர் அரசு மருத்துவமனையின் மருந்து ஸ்டோரில் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள்.