தயிரும் பச்சைத் தேநீரும்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

பாலைக் காய்ச்சிக் கைபொறுக்கும் சூட்டிற்கு ஆறவைத்து, அதில் சிறிது உறைமோர் விடுவது நம் அடுக்களைகளில் நாள்தோறும் நடைபெறும் செயல். அந்தச் சிறு துளியை உறை என்றும் பிரை என்றும் தமிழர் வழங்குவர். ஒரு துளி உறை ஒரு குடம் பாலையும் மாற்றிவிடும் என்பதை நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். ஆயின், அத்துளிக்குள் இருந்துகொண்டு அம்மாற்றத்தைச் செய்வது எது என்பதை உலகம் அறிந்தது அண்மைக் காலத்தில்தான்.

இன்று கடைகளில் தயிர் பல உருவங்களில் காட்சியளிக்கிறது. பச்சைத் தேயிலை கலந்த தயிரும் அவற்றுள் ஒன்று. உயிருள்ள நன்மைக் கிருமிகளும் பச்சைத் தேயிலைச் சத்தும் ஒன்றுசேர்ந்து ஊளைச்சதையைக் கரைத்துவிடும் என்ற பேச்சும் அதனோடு சேர்ந்தே உலவுகிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 54 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். ஆகவே இப்பேச்சில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று அறிவது வெறும் ஏட்டுக் கல்வி அன்று. இதற்கு விடை காண, நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றைப் பார்த்தல் வேண்டும்.

பாரிஸ் நகரில் எழுந்த கருத்து

1905ஆம் ஆண்டு ஜெனிவா நகரில் பயின்றுகொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய இளைஞர், தம் நாட்டுத் தயிரை நுண்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். பாலைப் புளிக்கச் செய்யும் கோல் வடிவக் கிருமி ஒன்றை அவர் கண்டறிந்தார். பல்கேரியாவின் பெயராலேயே அக்கிருமி பிற்பாடு அழைக்கப்பட்டது.

அக்காலத்தில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் எலீ மெச்னிக்காப் என்னும் பேரறிஞர் பணியாற்றி வந்தார். 1845இல் கார்க்கோவ் நகருக்கு அருகே பிறந்தவர் இவர். இரத்தத்தின் வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்னும் உண்மையை வெளிப்படுத்தியவர். அதற்காக 1908இல் பால் எர்லிக் என்பாருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முதுமை ஏன் வருகிறது என்ற வினா மெச்னிக்காப்பின் உள்ளத்தை வாட்டியது. பெருங்குடலில் வாழும் அழுகற் கிருமிகள் நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சு இரத்தத்தில் கலந்து உடலை மெல்ல மெல்ல அழிக்கிறது என்று அவர் எண்ணினார். பல்கேரிய உழவர்கள் நெடுநாள் வாழ்கின்றனர் என்ற செய்தியையும், அவர்கள் தயிரை மிகுதியாக உண்கின்றனர் என்ற செய்தியையும் இணைத்துப் பார்த்தார். புளிப்புக் கிருமிகள் அழுகற் கிருமிகளை அடக்கும் என்ற முடிவிற்கு வந்தார். 1904இல் பாரிஸில் ஆற்றிய சொற்பொழிவிலும், 1907இல் வெளியிட்ட நூலிலும் இக்கருத்தை எடுத்துரைத்தார். தாமும் நாள்தோறும் புளித்த பாலை அருந்தினார்.

பேரறிஞர் வாக்கு என்றதும் ஐரோப்பாவெங்கும் தயிர் மோகம் பரவியது. 1919இல் பார்சிலோனா நகரில் ஐசக் கராசோ என்பவர் தயிர் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கித் தம் மகன் டேனியலின் செல்லப் பெயரைத் தழுவி அதற்கு டனோன் என்று பெயரிட்டார். அத்தயிர் முதலில் விற்கப்பட்டது மருந்துக் கடைகளில்! நம் வீடுகளில் சோற்றோடு பிசையும் தயிர், அங்கே மருந்தாகவே மக்களுக்கு அறிமுகமாயிற்று.

மிகையின் விளைவு

மெச்னிக்காப்பின் கருத்தில் ஓர் உண்மையும் ஒரு பிழையும் கலந்திருந்தன. குடலில் வாழும் கிருமிகள் நம் உடல்நலத்தைத் தாக்குகின்றன என்பது உண்மை. பெருங்குடல் நஞ்சின் உறைவிடம் என்பது பிழை. பிழையான பகுதியே முதலில் ஆற்றல் பெற்றது. இலண்டனில் சர் வில்லியம் ஆர்புத்நாட் லேன் என்னும் அறுவை மருத்துவர், மலச்சிக்கலால் வருந்தியோரின் பெருங்குடலையே வெட்டி அகற்றினார். சிலர் அவ்வறுவையாலேயே உயிரிழந்தனர். மெச்னிக்காப் நாடிய வழி அறுவை அன்று, தயிரே; எனினும், சான்று முதிரும் முன்பே ஒரு கருத்து செயலில் இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. மெச்னிக்காப்பும் 1916இல், தம் 71ஆம் வயதில் காலமானார். நூறாண்டு வாழ்வைத் தயிர் அவருக்குத் தரவில்லை.

அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கர் என்பவர் இதனை மேலும் ஆராய்ந்தார். பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் நிலைத்துக் குடியேறுவதில்லை என்பதை 1921ஆம் ஆண்டளவில் அவரும் அவர் மாணவரும் நிறுவினர். அங்ஙனமாயின், இரைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் தாங்கிக் குடலை உயிரோடு சென்றடையும் வேறு கிருமி உண்டா? இவ்வினாவிற்கு விடை தேடியவர் கியோத்தோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் மினோரு ஷிரோத்தா. 1930இல் அத்தகைய வகையொன்றை அவர் தேர்ந்து வளர்த்தார். 1935இல் அது யாகுல்ட் என்னும் பானமாக விற்பனைக்கு வந்தது.

இத்தகைய நன்மைக் கிருமிகளை இன்று புரோபயாட்டிக் என்கின்றனர். 1965இல் இச்சொல்லை அறிவியல் ஏட்டில் ஆண்ட லில்லி, ஸ்டில்வெல் இருவரும் வேறு பொருளிலேயே ஆண்டனர்: ஒரு நுண்ணுயிர் சுரந்து மற்றொரு நுண்ணுயிரை வளரச் செய்யும் பொருளையே அது குறித்தது. போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்று இப்போதைய வரையறையை, உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய அறிஞர் குழு 2001இல் வகுத்தது. “போதிய அளவில்”, “உயிருள்ள” என்னும் இரண்டு அடைகளையும் வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

தேயிலை வந்த வழி

தயிருக்கு மேற்கிலிருந்து புகழ் வந்தது போலத் தேயிலைக்குக் கிழக்கிலிருந்து வந்தது. சீனம் சென்று திரும்பிய எய்சாய் என்னும் ஜப்பானியத் துறவி, தேநீரால் உடல் நலம் பேணுவது பற்றி 1211இல் நூல் எழுதினார். 1214இல் ஷோகன் சனெதோமோ மது மயக்கத்தால் வருந்தியபோது தேநீரோடு அந்நூலையும் அவர் அளித்தார் என்று ஜப்பானிய வரலாற்றுக் குறிப்புக் கூறுகிறது. தேயிலையும் மருந்தாகவே அரண்மனைக்குள் நுழைந்தது எனலாம்.

அதன் துவர்ப்புக்குக் காரணமான பொருளைப் பச்சைத் தேயிலையிலிருந்து 1929இல் பிரித்தெடுத்தவர் மிச்சியோ சுஜிமுரா என்னும் அம்மையார். அப்பொருள் கேட்டிக்கின் எனப்படும். 1932இல் ஜப்பானில் வேளாண்மைத் துறை முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியும் இவரே. கறுப்புத் தேயிலையில் இலை ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறும்போது கேட்டிக்கின் பெரிதும் உருமாறிவிடுகிறது. பச்சைத் தேயிலையில் ஆவியாலோ சூட்டாலோ அம்மாற்றம் தொடக்கத்திலேயே தடுக்கப்படுவதால் அது நிலைத்து நிற்கிறது.

எலிகள் கூறும் சான்று

குடற்கிருமிக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவு 2004இல் தெளிவாக வெளிப்பட்டது. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஜெப்ரி கார்டனின் ஆய்வுக் குழுவினர், கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த சுண்டெலிகளைச் சாதாரணச் சுண்டெலிகளோடு ஒப்பிட்டனர். சாதாரண எலிகள் குறைவாகவே தின்றன. ஆயினும் அவற்றின் உடற்கொழுப்பு 42 விழுக்காடு மிகுதியாக இருந்தது. பருத்த எலியின் குடற்கிருமிகளைக் கிருமியற்ற எலிக்குள் செலுத்தினால் அது மிகுதியாகக் கொழுப்பதையும் அதே குழுவினர் 2006இல் காட்டினர். மெச்னிக்காப்பின் கருத்தில் இருந்த உண்மை நூறாண்டு கழித்து மீண்டும் தலைதூக்கியது.

தேயிலையும் கிருமியும் சேர்ந்தால் என்ன ஆகும்? இதனைச் சுவீடன் நாட்டு லுண்ட் நகர அறிஞர்கள் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். கொழுப்பு மிகுந்த தீனியோடு பச்சைத் தேயிலைத் தூளையும் ஒருவகைப் புளிப்புக் கிருமியையும் எலிகளுக்கு 22 வாரம் கொடுத்தனர். தூள் தின்ற எலிகளின் உடற்கொழுப்பும் ஈரலில் படியும் கொழுப்பும் குறைந்தன. இரண்டும் சேர்ந்தபோது குடலில் புளிப்புக் கிருமிகள் பெருகின. ஆனால், அத்தீனியில் 100 பங்குக்கு 4 பங்கு தேயிலைத் தூளே! ஒரு கிண்ணம் தயிரில் நிறத்திற்காகத் தூவப்படும் அளவோடு இதனை ஒப்பிடல் தகாது.

மனிதரிடம் கிடைத்த சான்று இன்னும் அடக்கமானது. 2010இல் ஜப்பானில் 87 பேரிடம் நடந்த ஆய்வில், குறிப்பிட்ட ஒரு கிருமி சேர்ந்த புளித்த பாலை 12 வாரம் அருந்தியோரின் வயிற்றுட் கொழுப்புப் பரப்பு 4.6 விழுக்காடு குறைந்தது. பால்பொருள் நிறுவன ஆராய்ச்சியாளர்களே அதில் பங்கு கொண்டனர் என்பதையும் நினைவில் வைத்தல் நலம். பிறகு நடந்த பெரிய ஆய்வில், அருந்துவதை நிறுத்திய 4 வாரங்களில் அப்பயன் தேய்ந்தது. பச்சைத் தேநீர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் காக்ரேன் குழுவினர் வெளியிட்ட மதிப்பீடும், எடைக் குறைவு மிகச் சிறிது; மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று என்றே முடிந்தது.

நாம் கொள்ள வேண்டியது

தயிரைப் பற்றி ஐயமற நிறுவப்பட்ட நன்மை ஒன்று உண்டு. பாலிலுள்ள இயற்கைச் சர்க்கரையைச் செரிக்க இயலாதோருக்கு, உயிர்க்கிருமியுள்ள தயிர் அதனைச் செரிக்கத் துணை செய்கிறது. ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிர்க்கிருமிகள் இருந்தால் இதனைக் கூறி விற்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் சட்டமாகவே ஏற்றது. ஊளைச்சதை கரையும் என்ற கூற்று அத்தகைய நிலையை எய்தவில்லை.

கடைத் தயிர் பலவற்றில் சர்க்கரை தாராளமாகச் சேர்கிறது என்பதையும் மறத்தல் ஆகாது. மெலிவதற்கென்று வாங்கும் பொருளே பருமனுக்கு வழி வகுத்தால் அது எவ்வளவு பெரிய முரண்! சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல், அடைத்து விற்கும் பானங்களுக்குச் சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் கொண்டு ஏ முதல் டி வரை தரம் வகுக்கப்பட்டுள்ளது. புட்டியின் முகப்பிலுள்ள புகழுரையை விட, பின்புறத்துச் சிறிய எழுத்தே நமக்கு உற்ற நண்பன். தேயிலைச் சாற்றைச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்குவோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மிகுந்த அளவில் அது ஈரலைத் தாக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் அறிவித்துள்ளது.

ஆசிரியர்கள் இவ்வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைத்தால் இரட்டைப் பயன் விளையும். கண்டுபிடிப்பு என்பது வேறு, கண்டுபிடிப்பின் பேரால் எழும் ஆரவாரம் என்பது வேறு என்பதை அவர்கள் உணர்வர். நோபெல் பரிசு பெற்ற பேரறிஞரும் பிழைபடுவார். அப்பிழையைப் பின்வந்தோர் பொறுமையாகத் திருத்துவர். அதுவே அறிவியலின் பெருமை. வீட்டில் உறையூற்றிய சர்க்கரையற்ற தயிரும், இனிப்புச் சேராத ஒரு கோப்பைத் தேநீரும் நல்லுணவே. அவற்றை நல்லுணவாகவே உண்போம். அளவறிந்து உண்பதும் உடலை வருத்தி உழைப்பதும் ஆற்ற வேண்டிய வேலையை ஒரு கிண்ணத்தின் மேல் சுமத்தாதிருப்போம்.