பென்னைன் வழி

பென்னைன் வழி என்பது வட இங்கிலாந்தின் நடுவே தெற்கு வடக்காகக் கிடக்கும் பென்னைன் குன்றுகள் நெடுகச் செல்லும் நடைபாதை. டார்பிஷயரின் ஈடேல் சிற்றூரில் புறப்பட்டு, எல்லை தாண்டி, ஸ்காட்லாந்தின் கர்க் யெட்டம் ஊரில் முடிகிறது. நீளம் 268 மைல், அதாவது ஏறத்தாழ 431 கி.மீ. பிரிட்டனில் சட்டத்தின் வழியே அமைந்த முதல் நெடுந்தூர நடைபாதை இது. யோசனை அச்சேறியது 1935இல். பாதை திறக்கப்பட்டது 1965இல். இந்த முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதி மண்வெட்டி வேலைக்குப் போகவில்லை, நடந்து போக அனுமதி வாங்குவதற்கே போயிற்று. ஆகவே இதன் வரலாற்றை நில உரிமையின் வரலாறாகவும் படிக்கலாம்.

பாதை கடக்கும் நிலத்தில் கணிசமான பகுதி ‘மூர்’ வகையைச் சேர்ந்த மேட்டுநிலம். மரம் இராது, ஹெதர் என்னும் குறும்புதரும் கோரையும் மண்டியிருக்கும், அடியில் ‘பீட்’ எனப்படும் கரிய மக்குமண், நீர் வடியாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து கிடக்கும். இடையிடையே பாதை பள்ளத்தாக்குகளில் இறங்குகிறது. அவற்றுள் டீஸ் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கே எழில் மிக்கது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அங்கே ஆறு ஒரு கரும்பாறைத் தட்டிலிருந்து 21 மீட்டர் குதித்து ஹை போர்ஸ் அருவியாகிறது. அக்கம்பக்கத்தில் ஜூனிப்பர் காடு. மே மாதத்தில் நீல ஜென்ஷியன் பூக்கள். ‘வின் சில்’ எனப்படும் அதே தீப்பாறை அடுக்கு, பாதையில் மேற்கொண்டு போகையில் ஹை கப் நிக் என்ற பிறைவடிவப் பள்ளத்தாக்கின் விளிம்பாகவும், இன்னும் வடக்கே ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் சுவரின் அடித்தளமாகவும் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. மிக உயர்ந்த இடம் 893 மீட்டர் உயரமுள்ள கிராஸ் பெல். சுவரைத் தாண்டியபின் வரும் காடு இயற்கையானதன்று. முதல் உலகப்போரில் மரத்துக்குத் திண்டாடிய அரசு, 1920களிலிருந்து நட்டு வளர்த்த ஊசியிலைத் தோப்பு.

இந்நிலத்தில் மனிதர் நடப்பது புதிதல்ல. ஸ்காட்லாந்திலிருந்து மாடுகளைத் தெற்கே சந்தைக்கு ஓட்டிவந்தவர்கள், உப்பும் கம்பளியும் சுமந்த பொதிக்குதிரைகள், ஈயச்சுரங்கத் தொழிலாளர்கள் என்று பலரும் குன்றுகளின் குறுக்கே தடம் போட்டிருந்தனர். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் வழியாகப் பொதுமேய்ச்சல் நிலங்கள் தனியார் உடைமையாக வளைக்கப்பட்டபோது இத்தடங்களில் பல மூடப்பட்டன. மூர் நிலத்துக்கு வேறொரு மதிப்பும் வந்து சேர்ந்தது. அங்கே வாழும் கிரவுஸ் என்ற காட்டுக்கோழியை ஆகஸ்ட் 12 முதல் சுடுவது செல்வர்களின் பொழுதுபோக்காயிற்று. கோழி முட்டையிடும்போது ஆள் நடமாட்டம் கூடாது. எனவே வேட்டைக்காவலர்கள் அமர்த்தப்பட்டனர். நகரக் குடிநீருக்காக நீர்த்தேக்கம் கட்டியவர்களும், நீர் மாசுபடும் என்று சொல்லி நீர்ப்பிடிப்பு நிலத்தை அடைத்தனர்.

அதே குன்றுகளின் அடிவாரத்தில்தான் மான்செஸ்டர், ஷெபீல்டு போன்ற ஆலை நகரங்கள் பெருத்தன. வாரம் முழுக்கப் புகையில் வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறிக் காற்று வாங்க விரும்பினர். கண்ணுக்குத் தெரிந்த குன்று, ஏறினால் காவலர். மலைநிலங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடக் கோரும் மசோதாவை நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் பிரைஸ் 1884இல் கொண்டுவந்தார். அதுவும் தொடர்ந்து வந்த மசோதாக்களும் தோற்றன.

1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற இருபது வயது மான்செஸ்டர் இளைஞரின் தலைமையில், ஹேபீல்டு ஊரிலிருந்து சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினர். வேட்டைக்காவலர்களோடு கைகலப்பு நடந்தது. ஆறு பேர் கைதாயினர். ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ஆங்கிலச் சட்டத்தில் பிறர் நிலத்தில் கால்வைப்பது மட்டுமே குற்றமாகாது, அது சிவில் வழக்குக்குரியது. எனவே கலகம், தாக்குதல் என்று வேறு குற்றங்களைச் சுமத்தித்தான் தண்டித்தார்கள். நடையர் சங்கங்களின் தலைவர்கள் பலருக்கே இந்த நுழைவுப் போராட்டம் பிடிக்கவில்லை. பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்று அஞ்சினர். பேச்சுவார்த்தையால் அதுவரை கிடைத்தது சொற்பம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தீர்ப்பின் கடுமை பொதுமக்களின் பரிவைப் போராடியவர்கள் பக்கம் திருப்பியது.

பென்னைன் வழியை முதலில் எழுத்தில் வடித்தவர் டாம் ஸ்டீபன்சன். லங்காஷயர்க்காரர், சிறுவயதிலேயே துணி அச்சிடும் ஆலையில் வேலைக்குப் போனவர், முதல் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றவர், பிறகு இதழாளரானவர். இங்கிலாந்தில் நடைப்பயணம் போக வழி கேட்டு இரண்டு அமெரிக்கப் பெண்கள் எழுதிய கடிதம் அவரை உறுத்தியது. அவர்கள் நாட்டில் அப்பலேச்சியன் பாதை உருவாகிக்கொண்டிருந்தது. இங்கே காட்ட ஒன்றுமில்லை. ‘நீண்டதொரு பசும்பாதை தேவை’ என்ற பொருள்படும் தலைப்பில் 1935 ஜூனில் ‘டெய்லி ஹெரால்டு’ நாளேட்டில் கட்டுரை எழுதினார். 1938இல் பென்னைன் வழிச் சங்கம் தோன்றியது. தடத்தை அலசியபோது, பெரும்பகுதியில் பழைய வழிநடைப் பாத்தியம் ஏற்கெனவே இருப்பது தெரிந்தது. எஞ்சிய சுமார் 70 மைல்தான் சிக்கல்; அதில் வேட்டை மூர்களும் நீர்ப்பிடிப்பு நிலங்களும் அடங்கும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த தொழிற்கட்சி அரசு காதுகொடுத்தது. ஸ்டீபன்சன் அதோடு விடவில்லை. 1948இல் ஹியூ டால்டன், பார்பரா காசில் உள்ளிட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களைத் திரட்டி, உத்தேசப் பாதையின் ஒரு பகுதியில் நடத்தியே அழைத்துச் சென்றார். மனுக்கள் பல செய்யாததை அந்த நடை செய்திருக்கக்கூடும். மறு ஆண்டே தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற அணுகல் சட்டம் நிறைவேறியது. ஒவ்வொரு கவுண்டி மன்றமும் தன் எல்லைக்குள் உள்ள நடைபாதைகளை அதிகாரபூர்வ வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. நெடுந்தூரப் பாதைகளுக்கும் வழிசெய்தது. 1951இல் பென்னைன் வழிக்கு ஒப்புதல் தந்த அமைச்சர் அதே டால்டன். அதன்பிறகும் ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளாட்சி அமைப்புகளும் நிலவுடைமையாளர்களும் பேசி முடிக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1965 ஏப்ரல் 24 அன்று, கிண்டர் நுழைவின் அதே தேதியில், மாலம் மூரில் திறப்புவிழா நடந்தது.

திறந்த கையோடு கூட்டம் வந்தது. 1968இல் ஆல்பிரட் வெயின்ரைட் கையால் எழுதி வரைந்த வழிகாட்டி நூல் வெளியாயிற்று. இதில் வேடிக்கை, அவருக்கு இந்தப் பாதை அவ்வளவாகப் பிடிக்காது. பாதையிலுள்ள பிளாக் ஹில் என்ற குன்றின் சேற்றில் புதைந்து, பிறர் இழுத்துவிட்டுத்தான் கரையேறினார். இருந்தும் முழுதும் நடந்து முடிப்பவருக்குக் கர்க் யெட்டம் மதுவிடுதியில் பியர் தன் செலவில் தருவதாக அறிவித்து, அதைக் காப்பாற்றவும் செய்தார்.

பீட் மண் இத்தனை பாதங்களைத் தாங்கவில்லை. நூற்றாண்டுக் கால ஆலைப்புகை அதன் மேலிருந்த ஸ்பேக்னம் பாசியை முன்னமே கொன்றிருந்தது. சேற்றைத் தவிர்க்க ஒவ்வொருவரும் விலகி நடக்க, பாதை அகன்றுகொண்டே போயிற்று. 1990களில், இடிக்கப்பட்ட லங்காஷயர் ஆலைகளின் தளக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கிப் பாவினார்கள். காட்டுநடையின் சுவை போயிற்று என்று சிலர் முணுமுணுத்தனர். ஆனால் பொதிக்குதிரைக் காலத்திலும் இப்பக்கத்துப் பாதைகளில் கல் பாவும் வழக்கம் இருந்தது. 2003இல் தொடங்கிய ‘மூர்ஸ் பார் த பியூச்சர்’ கூட்டமைப்பு, நீர் ஓடைகளை மறித்து, பாசியை மறுபடி நட்டு, வெறுமையாய்க் கிடந்த பிளாக் ஹில்லைப் பச்சையாக்கியிருக்கிறது.

வழக்கமாக இரண்டரை வாரம் பிடிக்கும் தொலைவை, ஜனவரிக் குளிரில் ஒரே மூச்சாக ஓடும் ‘ஸ்பைன்’ பந்தயம் 2012 முதல் நடக்கிறது. 2019இல் ஜாஸ்மின் பாரிஸ், ஓய்விடங்களில் தன் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் எடுத்துவைத்துக்கொண்டே 83 மணி 12 நிமிடத்தில் ஓடி, ஆண்கள் அனைவரையும் முந்தினார்.

சட்டப்போர் 1965உடன் ஓயவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலை, மூர், ஹீத், மேய்ச்சல் மேடு, பதிவுபெற்ற பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை தந்தது. கிண்டருக்கு அது போதும். ஆனால் காடும் ஆற்றங்கரையும் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றுவிட்டன. அங்கெல்லாம் இன்றும் நடைபாதைக் கோட்டுக்குள்தான் கால். ஸ்காட்லாந்து 2003இல் இயற்றிய சட்டமோ, பொறுப்போடு நடந்துகொண்டால் ஏறக்குறைய எல்லா நிலத்திலும் நீரிலும் செல்லலாம் என்கிறது. பாதையின் கடைசிக் கட்டத்தில் செவியட் குன்றுகளின் முகட்டில் எல்லை வேலி கூடவே வருகிறது. வேலிக்கு ஒரு பக்கம் ஒரு சட்டம், மறுபக்கம் இன்னொன்று.